ஒன்பதாவது வரி

ஆகஸ்ட் 8, வெள்ளி

என் பெயர் சன்னாசி. வயது எழுபத்தொன்று. திண்டுக்கல்லில் டாக்டர் இளம்பரிதியின் பல், தாடை ஆஸ்பத்திரியில் தியேட்டர் வேலை. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவர் பக்கத்து வீட்டு காதர் மைதீன் பாய். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் நாற்பது வருசம் பத்திரம் எழுதியவர். நான் பேச்சில் சொல்வதை அவர் எழுத்துக்கு ஏற்றிக்கொள்கிறார். அதிலே எனக்கு ஆட்சேபணை இல்லை.

எனக்கு ஞாபகம் அதிகம். பதினாலு வருசத்தில் எந்த நாளில் யாருக்கு எந்தப் பக்கத்துக் கடைவாய்ப் பல் எடுத்தது, மயக்கம் தெளியும்போது யார் என்ன உளறியது, எல்லாம் சொல்வேன். ஒரு வாத்தியார் கண் திறக்காமலே எங்கள் எல்லோருக்கும் அட்டெண்டன்ஸ் எடுத்தார். அதிலே டாக்டர் ஆப்சென்ட். ஆனால் ஞாபகம் மாறாது, வாய் மாறும். இன்றைக்கு ஒன்றும் நாளைக்கு ஒன்றுமாக நான் சொல்லிவிடக் கூடாது. அதற்குத்தான் இதை எழுதி வைக்கச் சொன்னேன்.

நேற்று வியாழக்கிழமை. மதுரையிலிருந்து மயக்க டாக்டர் வைதேகியம்மா வரும் நாள். முதல் கேஸ் முருகேஸ்வரி, இருபத்தாறு வயசு, மில்லில் நூல் ஓட்டுகிற பொண்ணு. கீழ்த்தாடையில் இடப் பக்கம் நீர்க்கட்டி. பயந்திருந்தாள். மயக்க ஊசி போடும்போது கையைப் பிடித்துக்கொண்டு, பத்திலிருந்து கீழே எண்ணச் சொன்னேன். ஏழு வரைக்கும் வந்தாள். தாடையைத் தூக்கிக் கொடுத்தேன். வைதேகியம்மா மூக்கு வழியாக டியூப் போட்டார். ரத்தமும் தண்ணீரும் உள்ளே இறங்காமல் இருக்க, தொண்டையில் நீளமான துணிச் சுருளை வைத்தார்.

பன்னிரண்டு பத்துக்கு வேலை முடிந்தது. முடிவில் ஒரு காகிதம் வாசிக்க வேண்டும். ஒன்பது வரி. அதை வாசிப்பது என் வேலை. டாக்டருக்கும் சிஸ்டருக்கும் கை ஓயாது. வாசிக்கிறவன் கை சும்மா இருக்கணும், குரல் கேட்கணும் என்று டாக்டர் ஆரம்பத்திலேயே எனக்குக் கொடுத்துவிட்டார். நான் ஒவ்வொரு வரியாகக் கேட்பேன். லூர்துமேரி சிஸ்டர் 'ஆச்சு' என்பார். நான் கட்டத்தில் டிக் போடுவேன். நேற்றும் ஒன்பது கேட்டேன், ஒன்பது ஆச்சு வந்தது, ஒன்பது டிக் போட்டேன். வைதேகியம்மா, ஒன்பதும் ஆச்சுன்னா எடுத்துடலாம் என்று டியூபை எடுத்தார்.

பக்கத்து அறைக்குத் தள்ளிக்கொண்டு போய் மூன்று நிமிசம் ஆகியிருக்காது. முருகேஸ்வரியின் உதடு நாவல்பழம் தின்ற மாதிரி ஆனது. நெஞ்சு ஏறுது, இறங்குது, காற்று மட்டும் போகவில்லை. வைதேகியம்மா மாஸ்க் வைத்து பையை அழுத்தினால் பை அழுந்தவில்லை. லூர்துமேரி சிஸ்டர்தான் இடுக்கியை வாய்க்குள் விட்டு இழுத்தார். துணி வந்துகொண்டே இருந்தது. அதற்குள் பிள்ளைக்கு நாடி விழுந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மூச்சு வந்துவிட்டது, நினைவு வரவில்லை.

இந்த இடத்தில் பாய் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "சன்னாசி, உன் வீட்டுக் கரண்டு பில்லையே நான்தானய்யா வாசிச்சுச் சொல்றேன். நீ எப்படி அங்க வாசிச்சே?"

இன்றைக்கு இது போதும் என்றேன்.

ஆகஸ்ட் 9, சனி

தியேட்டர் கழுவினேன். ஆக்சிஜன் சிலிண்டர் மாற்றினேன். செருப்புகளைத் துடைத்து அடுக்கினேன். முருகேஸ்வரிக்கு நினைவு வரவில்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பாய் இரண்டு நாளாக எதுவும் கேட்கவில்லை. அது கேட்பதைவிட மோசமாக இருக்கிறது. சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

எனக்குப் படிக்கத் தெரியாது. என் பெயரைப் படம் போல வரைவேன், அவ்வளவுதான். பதினாலு வருசத்துக்கு முன்னால் டாக்டர் முதல் முறை அந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்தபோது நான் சொல்லியிருக்கலாம். அப்போது எனக்கு ஐம்பத்தேழு வயசு. சின்ன வயசு டாக்டர், அண்ணே அண்ணே என்கிறார். பக்கத்தில் இரண்டு நர்சுப் பிள்ளைகள் நின்றார்கள். சொல்ல வாய் வரவில்லை. வெளியே வந்து மருந்துக்கடைப் பையனிடம், கை ஈரமா இருக்குடா, நீ ஒரு தடவை சத்தமா வாசி என்றேன். அவன் வாசித்தான். ஒரு தடவைதான். அன்றைக்கு உள்ளே போனது இன்றைக்கு வரைக்கும் எழுத்துப் பிசகாமல் இருக்கிறது.

அதன் பிறகு காகிதத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு ஒப்பிப்பேன். வரிக்கு வரி கண்ணை நகர்த்துவேன். நடுவில் ஒரு இடத்தில் கொஞ்சம் தடுமாறுகிற மாதிரி நிறுத்துவேன். படிக்கத் தெரிந்தவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்று பார்த்து வைத்திருந்தேன். யாருக்கும் சந்தேகம் வந்ததே இல்லை. சன்னாசி அண்ணன் மாதிரி நிதானமா வாசிக்க ஆள் கிடையாது என்பார் டாக்டர். எனக்கு அதில் பெருமையும் இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள் பாய்.

அந்த ஒன்பது வரி காகிதத்தின் பின் பக்கம். முன் பக்கம் ஆபரேசனுக்கு முன்னால் வாசிப்பது. அதில் சில இடத்தில் கையால் எழுதியிருப்பார்கள், மருந்து ஒத்துக்காதா, கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று. அதற்கு நான் காலையிலேயே உடை மாற்றும் அறையில் நோயாளியிடம் பேச்சுக் கொடுத்து வாங்கி வைத்துக்கொள்வேன். உள்ளே போய் வாசிக்கிற மாதிரி சொல்வேன்.

போன திங்கள்கிழமை காகிதம் மாறியது. வெள்ளையாக இருந்தது மஞ்சளானது. வைதேகியம்மா ஜூன் மாதம்தான் எங்களிடம் வர ஆரம்பித்தார். தொண்டைத் துணி வைப்பது அவர் வழக்கம். அதற்கு முன்னால் எங்கள் ஆஸ்பத்திரியில் வைத்ததில்லை. எடுக்க மறந்துவிடக் கூடாது என்று லூர்துமேரி சிஸ்டர்தான் யோசித்து வரியை மாற்றி அடித்துக்கொண்டு வந்தார். என்னிடம் கொடுத்து, "கடைசியில ஒண்ணு மாத்தியிருக்கேண்ணே, பார்த்துக்கங்க. இனி யாரும் ஞாபகத்தை நம்பி இருக்க வேண்டாம்" என்றார்.

நான் கட்டங்களை எண்ணினேன். ஒன்பது இருந்தது. முன்னாலும் ஒன்பதுதான். மாற்றினது சும்மா ஒரு வார்த்தையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"பார்த்துட்டேம்மா" என்றேன்.

பழைய ஒன்பதாவது வரி, வெட்டி எடுத்த கட்டியைப் போட்ட பாட்டிலில் பெயர் எழுதியாச்சா என்பது. பெயரை முதலிலேயே எழுதி வைத்துவிடலாம் என்று அதை சிஸ்டர் முன் பக்கத்துக்கு மாற்றியிருக்கிறார். அந்த இடத்தில், தொண்டைத் துணி வெளியே எடுத்தாச்சா என்று போட்டிருக்கிறார். இதை இன்றைக்குத்தான் பாய் வாசித்துக் காட்டித் தெரிந்துகொண்டேன். ஒரு மஞ்சள் காகிதத்தைச் சட்டைப் பையில் மடித்து எடுத்துவந்திருந்தேன்.

வியாழக்கிழமை நான் கேட்டது பாட்டிலை. சிஸ்டர் ஆச்சு என்றது பாட்டிலுக்கு. நான் டிக் போட்டது துணிக்கு.

ஆகஸ்ட் 11, திங்கள்

டாக்டர் எல்லோரையும் அவர் அறைக்குக் கூப்பிட்டார். மேஜை மேல் அந்தக் காகிதம் இருந்தது. அவர் நான்கு நாளாகச் சவரம் செய்யவில்லை. ஒன்பதாவது கட்டத்தில் டிக் இருக்கு, அப்படின்னா ஒருத்தர் கேட்டிருக்கணும், ஒருத்தர் ஆச்சுன்னு சொல்லியிருக்கணும் என்றார்.

துணியைப் பற்றி யாரும் கேட்ட ஞாபகம் தனக்கு இல்லை என்றார் லூர்துமேரி சிஸ்டர். வைதேகியம்மா, ஒன்பது ஆச்சு தன் காதில் விழுந்தது, வரி என்னவென்று கவனிக்கவில்லை, கவனித்திருக்க வேண்டும் என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "அண்ணே, உங்க ஞாபகத்தை நான் மத்தவங்க எழுத்தை நம்புறதைவிட அதிகமா நம்புவேன். வாசிச்சீங்களா, இல்லையா?"

"வாசிச்சேங்க."

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தன் மேலேயே சந்தேகம் வந்த மாதிரி பார்த்தார். வெளியே வந்ததும் படிக்கட்டில் நிறுத்தி, "பாட்டில் பேரைத்தானேண்ணே கேட்டீங்க? இல்ல எனக்குத்தான் அப்படி இருக்கா?" என்றார்.

நான் மாப்பு வாளியை எடுத்துக்கொண்டு, தண்ணி ஆறுதும்மா என்று கீழே இறங்கிவிட்டேன்.

பாய் இதை எழுதி முடித்து, இது சொத்துப் பத்திரமா இருந்தா இந்த இடத்தில் ரெண்டு சாட்சி கேட்பேன் என்றார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

முருகேஸ்வரி கண் திறந்துவிட்டாள்.

பஸ் பிடித்துப் போய்ப் பார்த்தேன். அம்மாவை அடையாளம் தெரிகிறது, பேச்சு மெதுவாக வருகிறது. வலது கை விரல் மட்டும் இறுகப் பிடிக்கவில்லை, போகப் போகத்தான் தெரியும் என்கிறார்கள். மில்லில் அறுந்த நூலை முடிகிற வேலை அவளுக்கு.

அவள் அம்மா எனக்கு ஸ்டூல் இழுத்துப் போட்டார். அன்றைக்கு ஆம்புலன்ஸ் வரைக்கும் தூக்கிக்கொண்டு ஓடியது நான்தானாம், எல்லோரும் சொன்னார்களாம். என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தனக்கு வாங்கி வைத்திருந்த பன்னில் பாதியைப் பிய்த்துக் கொடுத்து, காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டீங்க என்றார்.

சாப்பிட்டேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு நினைப்பு வந்தது. பிள்ளை பிழைத்துவிட்டாள், இனி யார் எதை வாசித்தால் என்ன, விசயம் முடிந்தது என்று. வத்தலக்குண்டு ரோடு திருப்பம் வரைக்கும் அந்த நினைப்பு எனக்குச் சுகமாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 13, புதன்

விசயம் முடியவில்லை. லூர்துமேரி சிஸ்டரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் டாக்டர். திங்கள்கிழமை முடிவு சொல்வாராம். ஆஸ்பத்திரிக்கு வெளியிலிருந்து விசாரிக்க வருகிறார்களாம். ஆச்சு என்று சொன்னவர் சிஸ்டர், அதனால் பொறுப்பு அவருடையது என்றுதான் காகிதம் சொல்கிறது. இனி எந்த ஆஸ்பத்திரியிலும் தியேட்டர் வாசலில் விட மாட்டார்கள் என்று மருந்துக்கடையில் பேசிக்கொண்டார்கள். அவர் இருபது வருசம் பார்த்த வேலை.

சாவிக்கொத்தை என்னிடம்தான் ஒப்படைத்தார். இடுக்கிகளை எண்ணிக் காட்டினார். எந்த டிரேயை நாளைக்கு முதலில் கொதிக்க வைக்க வேண்டும் என்று சொன்னார். வருகிற தற்காலிக நர்சுக்குக் கை பழகும் வரைக்கும் கூடவே நில்லுங்கண்ணே என்றார்.

பாய் இன்றைக்கு என்னோடு டீ குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, வயிறு சரியில்லை என்றார். அவருக்குப் பொய் சொல்ல வராது.

ஆகஸ்ட் 14, வியாழன்

இன்றைக்கு நடந்ததை ஒழுங்காகச் சொல்ல வேண்டும்.

ஒரே கேஸ். வேலுச்சாமி, நாற்பது வயசிருக்கும். பைக்கிலிருந்து விழுந்து தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. வாயைக் கம்பி போட்டுக் கட்டித்தான் கொண்டுவந்தார்கள். முகம் பூசணிக்காயாக வீங்கிப் பேச முடியவில்லை. வலிக்கு ஊசி போட்டிருந்ததால் பாதி உறக்கம். உடை மாற்றும் அறையில் நான் என்ன கேட்டாலும் தலையை ஒரே மாதிரி ஆட்டினான்.

மஞ்சள் காகிதம் இப்போது எனக்கு மனப்பாடம். முன் பக்கம் முழுக்க ஒப்பித்தேன். டாக்டர் தற்காலிக நர்சிடம், பாருங்க, எங்க அண்ணன் வாசிக்கிறதை என்றார். என் காது மடல் சுட்டது.

வைதேகியம்மா ஒரு ஊசியை மருந்தோடு கையில் பிடித்துக்கொண்டு நின்றார். புண் சீழ் வைக்காமல் இருக்க முதலில் போடுகிற ஊசி. போன வாரத்துக்குப் பிறகு அவர் எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்கிறார்.

"மருந்து ஒத்துக்காதுங்கற இடத்தில என்ன எழுதியிருக்குண்ணே? இன்னொரு தடவை வாசிங்க."

முதல் தடவை நான் அதை வேகமாகத் தாண்டியிருந்தேன். காகிதத்தைப் பார்த்தேன். பேனாவால் ஏதோ எழுதியிருந்தது. இரண்டு வார்த்தையாக இருக்கலாம், மூன்றாக இருக்கலாம். 'எதுவும் இல்லை' என்று எழுதினாலும் அவ்வளவு நீளம்தான் வரும். பத்தில் ஒன்பது பேருக்கு எதுவும் இல்லைதான். அந்த வார்த்தை என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. வேலுச்சாமியின் கால் பெருவிரல் போர்வைக்கு வெளியே தெரிந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க டாக்டரம்மா. நீங்களே பார்த்துருங்க."

தற்காலிக நர்சு சிரித்துவிட்டாள். வெளையாடாதீங்கண்ணே என்றார் டாக்டர், கையுறையைப் போட்டுக்கொண்டே.

"வெளையாடலைங்க."

வைதேகியம்மா காகிதத்தை என் கையிலிருந்து வாங்கினார். வாசித்தார். கையில் இருந்த ஊசியை டிரேயில் திரும்ப வைத்தார். வேறு மருந்து எடுக்கச் சொன்னார். அவ்வளவுதான், சத்தம் ஒன்றும் இல்லை.

ஆபரேசன் நடந்தது. நான் தாடையைத் தூக்கிக் கொடுத்தேன், உறிஞ்சு குழாயைப் பிடித்தேன், மூச்சைப் பார்த்தேன். அந்த வேலையெல்லாம் கைக்குத் தெரியும். முடிவில் டாக்டரே காகிதத்தை வாசித்தார். தொண்டைத் துணி வரியில் அவர் குரல் நின்றது. துணியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் டிக் போட்டார்.

பிறகு அவர் அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டில், துணி, படிக்கட்டில் சிஸ்டர் கேட்டது, எல்லாம். எத்தனை கேசுக்கு இப்படி ஒப்பிச்சிருக்கீங்க என்று கேட்டார். இரண்டாயிரத்து முன்னூத்திப் பதினாறு, முருகேஸ்வரியைச் சேர்த்து என்றேன். அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

பாய், ஒன்று சேர்த்து எழுதுங்கள். யோக்கியமாக நானாக வந்து சொன்னேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வேலுச்சாமி வாய் பேசுகிறவனாக இருந்திருந்தால் நான் இன்றைக்கும் தப்பித்திருப்பேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

விடுமுறை. வீட்டை விட்டு இறங்கவில்லை. பாய் டீ வாங்கிக்கொண்டு வந்தார்; இரண்டு டம்ளர் கொண்டுவந்தார்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் அறையில் அவரும் வைதேகியம்மாவும் இருந்தார்கள். ஓரத்தில் லூர்துமேரி சிஸ்டர். யூனிபார்ம் போடவில்லை, சாம்பல் கலர் சேலை. நான் வணக்கம் வைத்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வாக்குமூலத்தை டாக்டரே தயார் செய்து வைத்திருந்தார். விசாரணைக்கு ஒரு நகல், முருகேஸ்வரி வீட்டுக்கு ஒரு நகல் போகும் என்றார். நான் கையெழுத்துப் போட்டால் போதுமாம். பேனாவையும் திறந்து வைத்துவிட்டார்.

என்ன இருக்குன்னு எனக்கு யாராவது வாசிச்சுக் காட்டணுமே என்றேன்.

வைதேகியம்மா கையை நீட்டினார். அதற்குள் சிஸ்டர் எழுந்து வந்து காகிதத்தை எடுத்துக்கொண்டார். என் எதிரில் உட்கார்ந்தார். வாசிக்கவில்லை, முதலில் இதைச் சொன்னார்:

"மஞ்சக் காகிதம் குடுத்த அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே வாசிச்சுக் காட்டியிருப்பேண்ணே. ரெண்டு நிமிசம் ஆகுமா?"

பிறகு வரி வரியாக வாசித்தார். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி என்னைப் பார்ப்பார். நான் ஆமா என்பேன். அடுத்ததுக்குப் போவார். என் பெயர், அப்பா பெயர், வயது. ஆமா. பதினாலு வருசமாக வேலை செய்கிறேன். ஆமா. ஆகஸ்ட் ஏழாம் தேதி ஆபரேசன் முடிவில் பட்டியலை நான்தான் வாசித்தேன்.

இங்கே ஆமா சொல்லாமல் இருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, முழுசாக் கேளுங்க என்று அடுத்த வரியைச் சேர்த்து வாசித்தார். வயதின் காரணமாகப் பார்வை மங்கி இருந்ததால் ஒன்பதாவது வரியை நான் தவறாக வாசித்துவிட்டேன். அதைச் செவிலியர் கவனித்துத் திருத்தவில்லை.

வாசித்து முடித்ததும் காகிதம் அவர் கையில் நின்றது. குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. டாக்டர் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டு, ஆஸ்பத்திரி பேரும் இருக்குல்லண்ணே, பதினாலு வருசமா படிக்கத் தெரியாதவரை வெச்சு வாசிக்க வெச்சோம்னு வெளியில தெரிஞ்சா நாளைக்கு ஒருத்தரும் வந்து நாற்காலியில உட்கார மாட்டாங்க என்றார். உங்களுக்கும் இதுதான் மரியாதை என்றார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறார். கண் மங்கல் என்றால் எவ்வளவு கௌரவம். எழுபத்தொரு வயசில் யாருக்குத்தான் இல்லை. முருகேஸ்வரியின் அம்மா அதைக் கேட்டால், பாவம் பெரியவர் என்றுதான் சொல்வார்.

எதிரில் சிஸ்டர் காத்திருந்தார். ஆமாவா இல்லையா என்று.

"இல்லைம்மா" என்றேன். "கண் நல்லாத் தெரியும். அந்த ரெண்டு வரியும் தப்பு."

டாக்டர் ஏதோ சொல்ல வந்தார். வைதேகியம்மா, சொல்லட்டும் சார் என்றார்.

லூர்துமேரி சிஸ்டர் பேனாவை எடுத்தார். இரண்டு வரியையும் குறுக்கே ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் இருந்த வெற்றிடத்தில் பேனா முனையை வைத்துக்கொண்டு, "மெதுவாச் சொல்லுங்க, எழுதுறேன்" என்றார்.

"எனக்குப் படிக்கத் தெரியாது" என்றேன். அவர் எழுதி முடிக்கும் வரைக்கும் பொறுத்தேன். "கடைசி வரியை நான் கேட்கவே இல்லை. நான் கேட்டது பாட்டிலை. சிஸ்டர் சொன்னது அதுக்கு."

எழுதினார். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்.

ஆமா என்றேன்.